செவ்வாய்க்கிழமையில் அடித்த மணி

எக்செல் ஷீட்டின் ஏழாவது வரியில்தான் எனக்குப் பொறி தட்டியது.

நேற்று சாயங்காலம், வியாழக்கிழமை. ஹொரமாவில் எங்கள் டீம் லீடர் அண்ணனின் ஃப்ளாட். ஆறு பேர் இருந்தோம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஒரு புதிய சபை ஆரம்பிக்கப் போகிறோம். பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஹாலை ஞாயிறு காலைக்கு மட்டும் பேசி வைத்திருக்கிறோம். அண்ணன் லேப்டாப்பை டி.வி.யில் இணைத்து ஆராதனை ஒழுங்கைக் காட்டினார். துதிப் பாடல், இருபத்தைந்து நிமிடம். வரவேற்பு, மூன்று. அறிவிப்பு, நான்கு. பிரசங்கம், முப்பத்தைந்து. ஏழாவது வரியில் 'சாட்சி' என்று இருந்தது. எதிரே எண் இல்லை. 'தேவைப்பட்டால்' என்று மட்டும் போட்டிருந்தது.

"யாருக்குத் தேவைப்பட்டால்?" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டாப்பா," என்றாள் கீபோர்டு வாசிக்கும் தோழி. "இவ கேள்விக்கே தனியா ஒரு வரி போடுங்கண்ணா. அரை மணி நேரம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் வலது உள்ளங்கை டீப்பாய் மேல் தட்டையாக அழுந்திக் கிடந்தது, எதையோ அமுக்குகிற மாதிரி. அது எதைத் தேடுகிறது என்று புரிந்த நொடியில் பேச்சு நின்றுவிட்டது எனக்கு. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் என் வயதுக்காரர்கள். யார் வீட்டு ஹாலிலோ, பள்ளிக்கூட வராந்தாவிலோ, அபார்ட்மென்ட் பார்ட்டி ஹாலிலோ சபை ஆரம்பித்துவிட்டு, இது நிற்குமா என்று ஒவ்வொரு ஞாயிறும் தலை எண்ணுகிறவர்கள். பாடம் நடத்த வரவில்லை. எனக்கே பாடம் முடியவில்லை. ஒரு ஏழு மாதக் கதை இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மர்பி டவுனில், ஒரு முட்டை மண்டியின் மாடியில் இருந்த நீள அறையில் அப்பா சபை ஆரம்பித்தார். அப்பா ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் வேலை பார்த்தவர். ஜூன் முதல் டிசம்பர் வரை சம்பளமில்லாத லீவு போட்டார். டிசம்பர் முடிவதற்குள் சபை தன் காலில் நின்றால் ராஜினாமா, முழுநேர ஊழியம். நிற்காவிட்டால் ஜனவரியில் பழையபடி ஷிஃப்ட். இது தனக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம் என்று அப்பா சொன்னார். "ஒப்பந்தத்துல என் கையெழுத்தும் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கங்க," என்றாள் அம்மா. நிற்குமா, நிற்காதா? சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் வீட்டில் அது ஒன்றுதான் பேச்சு.

படி ஏறும்போதே முட்டை வாசனை வரும். நல்ல முட்டைக்கு வாசனை கிடையாது, உடைந்ததற்குத்தான். ஈரச் சாக்கும் பழைய அட்டையும் கலந்த ஒரு நெடி. இன்றைக்கும் எங்கேயாவது அது அடித்தால் எனக்குப் பாட்டு வாயில் வந்துவிடும். இரண்டாவது வாரமே மேல் வீட்டுக் கன்னட ஆன்ட்டி படியில் நின்று கத்தினார்: "பானுவாரானூ நித்தே மாடோக்காகல்வா?" ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்க விடமாட்டீர்களா என்று. அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. கீழே மண்டி வைத்திருந்த பாய்தான் வழி சொன்னார். "பாஸ்டர் சாப், பழைய முட்டை அட்டை மூட்டை மூட்டையா இருக்கு. செவுத்துல ஒட்டுங்க, சத்தத்தக் குடிச்சிடும்." மைதாப் பசை காய்ச்சி, நாலு சுவரிலும் அட்டை அட்டையாக ஒட்டினோம். சத்தம் குறைந்ததா என்று தெரியாது. பல்லிகளுக்கு நல்ல வீடு கிடைத்தது. பிரசங்கம் நீளும்போது குழிகளை எண்ணுவேன். ஒரு நாளும் எண்ணி முடித்ததில்லை. சாக்லெட் காகிதங்களை உருட்டி உள்ளே தள்ளுவேன். தரையில் ஒரு நீல ஜமுக்காளம். அது எங்கே போனது என்று அம்மாவைக் கேட்டால் இன்றும் உதட்டைப் பிதுக்குகிறாள்.

ஆரம்பத்தில் பத்தொன்பது பேர், எங்களையும் சேர்த்து. ஆட்டோ அண்ணன் டோலக் அடிப்பார். டைலர் மாமா கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக்கு அரை வரி முன்னாலேயே பாடிக்கொண்டு போவார். உல்சூர் போகிற ரோட்டில் தள்ளுவண்டியில் இட்லி, ஆம்லெட் போடும் டிபன் அக்கா, தன் சந்திலிருந்து இன்னும் மூன்று குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர் வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் போடுவதற்குப் பலகை அடிக்கிறவர். அவர் மட்டும் உள்ளே வரமாட்டார், கீழே பாயோடு உட்கார்ந்து பீடி குடிப்பார். "அந்தாளு ரட்சிக்கப்பட்டா பாய்க்குத்தான் பேச்சுத்துணை போயிடும்," என்பார் டிபன் அக்கா.

பாட்டு முடிந்ததும் சாட்சி. சபைப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: யாராவது எழுந்து நின்று, அந்த வாரம் தன் வாழ்க்கையில் கடவுள் என்ன செய்தார் என்று எல்லார் முன்னாலும் சொல்வது. எங்களுக்கு அதுதான் சினிமா.

டைலர் மாமாவுக்கு ஒரே சாட்சிதான். வாலிபத்தில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு வண்டி இடிக்காமல் விட்டது. ஜூனில் அது ஸ்கூட்டர். ஜூலையில் பஸ். ஆகஸ்டில் ஜல்லி ஏற்றின லாரி. "செப்டம்பர்ல ஏரோப்ளேன் வரும் பாரு," என்று அம்மா என் காதில் சொன்னாள்.

டிபன் அக்காவின் சாட்சி வேறு விதம். அது திங்கட்கிழமை காலை நாலு மணிக்கு ஆரம்பிக்கும். எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். "திங்கக்கெழம எந்திரிச்சேன், மாவு பொங்கி வழிஞ்சிருந்துச்சு, ஸ்தோத்திரம்." அப்புறம் செவ்வாய். அப்புறம் புதன். வண்டிச் சக்கரம், கேஸ் அடுப்பு, பொண்ணோட ஸ்கூல், பக்கத்து வண்டிக்காரியின் பொறாமை, எல்லாம் வரும். எதையும் தாண்டிப் போகத் தெரியாது அவருக்கு. புதன்கிழமை வருவதற்குள் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும். ஒருமுறை வியாழக்கிழமைக் கதைக்கு வந்ததும் இப்படிச் சொன்னார்: "எம் பொண்ணு பாவாடைக்கு டைலர் அண்ணன் பாக்கெட்ட வெளிப்பக்கமா வெச்சுத் தெச்சுட்டாரு. நான் கோவப்படல, ஸ்தோத்திரம். ஆனா அவருக்குக் கண்ணு தெரியல, யாராச்சும் இட்டுகினு போய்க் காட்டுங்க." அறையே குலுங்கிச் சிரித்தது. டைலர் மாமாவும் சிரித்தார். மறுநாளே ஆட்டோ அண்ணன் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டார். கமிட்டி கிடையாது, ஒன்றும் கிடையாது. யாரோ சொன்னார்கள், யாரோ கேட்டார்கள், திங்கட்கிழமை யாரோ போனார்கள். சபை ஓடியதே இப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எங்களுக்கு அது வெறும் இழுவை.

அப்பாவுக்கும்தான். ஆகஸ்டில் ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், கழுத்தில் கம்பெனி கார்டுக் கயிறு. லாரி இடிக்காமல் போனதற்கும் மாவு வழிந்ததற்கும் நடுவில் அந்த அண்ணன் நாலு தரம் வாட்ச்சைப் பார்த்தார். அடுத்த வாரம் வரவில்லை. அப்பா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. காலண்டரில் டிசம்பரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நடுவில் இருக்கும் மாதங்களே இல்லாத மாதிரி.

செப்டம்பரில், புதிய சபை ஆரம்பிப்பவர்களுக்கான ஒருநாள் பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு ஃபைலோடு வந்தார். அதில் இருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். புதிதாக வருகிறவர் முதல் சில நிமிடங்களில் முடிவு செய்துவிடுவார். நேரத்தை மதியுங்கள். வாசலில் நின்று வரவேற்று, வாசலில் நின்று வழியனுப்புங்கள். போகிறவர்களைத் துரத்தாதீர்கள், வருகிறவர்களைக் கவனியுங்கள். இதில் எதையும் முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். போன வாரம்வரை இதில் பாதியை நானே உங்களில் சிலரிடம் ஃபோனில் அளந்திருக்கிறேன்.

சிவாஜிநகர் குஜிரியில், பழைய சாமான் கடைகளில், அப்பா ஒரு மேஜை மணி வாங்கினார். ஆபீஸ்களில் பியூனைக் கூப்பிட உள்ளங்கையால் அமுக்குவார்களே, அது. பித்தளை, அடியில் பச்சை வெல்வெட் துணி, பாதி பிய்ந்தது. சாட்சிக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். மணி அடிக்கிற வேலை எனக்கு. பள்ளியில் கிளாஸ் லீடர் வேறு நான், கேட்கவா வேண்டும்? ஆட்டோ அண்ணனின் வாட்ச்சை மடியில் வைத்துக்கொண்டு, கையை மணிக்கு ஒரு அங்குலம் மேலே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெரியவர்கள் என் கையைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். அந்தச் சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை.

அது வேலையும் செய்தது. டைலர் மாமாவின் வண்டி லாரியோடு நின்றது. ஆராதனை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. திருச்சித் தம்பதி திரும்பி வந்தார்கள், கூட நாலு பேரோடு. அவர்கள் இன்னும் சிலரைக் கூட்டி வந்தார்கள். ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு குடும்பம் ஸ்கூட்டரில் வந்தது. அக்டோபரில் ஜமுக்காளம் போதவில்லை, பாயிடம் இன்னொன்று இரவல் வாங்கினோம். அப்பா படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். "நிக்கும்," என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குமுன் அவர் அந்த வார்த்தையைக் கேள்விக்குறி இல்லாமல் சொல்லி நான் கேட்டதில்லை. ராஜினாமாக் கடிதத்தை எழுதி அலமாரியில் வைத்தார். தேதி மட்டும் போடவில்லை.

இப்போது அந்த ஞாயிறு.

மழை. மாடிப்படியெல்லாம் சேறு. டிபன் அக்கா இரண்டாவது பாட்டின்போது வந்தார். மகளைக் கூட்டி வரவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்காமல், முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்துக்குப் போகாமல் கதவுப் பக்கமே உட்கார்ந்தார். சாட்சி என்றதும் முதலில் எழுந்தது அவர்தான்.

"திங்கக்கெழம..." என்றார். நிறுத்தினார். மூச்சு இழுத்துக்கொண்டார். "திங்கக்கெழம எந்திரிச்சேன். மழ. வண்டி எடுக்கல. செவ்வாக்கெழம எடுத்தேன். கார்ப்பரேஷன் வண்டி வந்துச்சு, வண்டிய ஓரம் தள்ளச் சொன்னாங்க. அவரு கூட வந்து தள்ளிக் குடுத்தாரு. எப்பவும் வரமாட்டாரு, அன்னிக்கு வந்தாரு..."

அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். வாட்ச் முள் நகர்ந்தது. பேசாமல் நிற்பதும் நேரத்தில் சேரும் என்று நான் முடிவு செய்திருந்தேன். அது என் சொந்த விதி. இரண்டு நிமிடம்.

டிங்.

"அக்கா, இன்னும் செவ்வாக்கெழமையே தாண்டல!" என்று ஆட்டோ அண்ணன் குரல் கொடுத்தார். பெரிய சிரிப்பு. புதிதாக வந்தவர்களும் சிரித்தார்கள். டிபன் அக்காவும் சிரித்தார். "சரி, சரி. மிச்சம் அப்புறம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் அப்பாவும் அம்மாவும், ஃபைலில் போட்டிருந்தபடி, வாசலில் நின்று புதியவர்களுக்குக் கை கொடுத்தார்கள். பிஸ்கட் தட்டு என்னிடம் இருந்தது. டிபன் அக்கா கொஞ்ச நேரம் அம்மாவுக்குப் பின்னால் நின்றார். அம்மா திரும்பி, "அக்கா, ஒரு நிமிஷம், தோ வந்துட்டேன்," என்றாள். அவள் வரும்போது அக்கா இல்லை.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும். அவர் சந்து ஆட்களிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை; மூன்றாவது வாரம் அவர்களும் குறைந்தார்கள். "குளிர்ந்து போயிட்டாங்க," என்றார் அப்பா. விசுவாசத்தில் சூடு குறைந்துவிட்டது என்று அர்த்தம். போகிறவர்களைத் துரத்தாதீர்கள் என்றுதான் ஃபைலும் சொன்னது. அந்த வாரம் அனல் குறைந்தவர்களைப் பற்றியே பிரசங்கம் செய்தார். நன்றாகவே செய்தார், எனக்கு நினைவிருக்கிறது. திருச்சி அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாலாவது வாரம் அம்மா கீழே முட்டை வாங்கப் போனாள், நானும் போனேன். பாய் முட்டையை எண்ணி வைத்துக்கொண்டே கேட்டார்.

"பாஸ்டரம்மா, அந்த டிபன்காரம்மா வீட்டுக்காரு எப்படி இருக்காரு? எழுந்து உக்காந்தாரா?"

"அவருக்கு என்ன பாய்?"

பாய் முட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "அரே, விழுந்துட்டாரே! சென்ட்ரிங் சரிஞ்சு, இடுப்பெலும்பு. வெள்ளிக்கெழம. மாசமாகப் போவுது. நான் ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போனேனே. உங்களுக்கு..." அத்தோடு நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். மீதி இரண்டு முட்டையை எண்ணாமலேயே வைத்தார்.

வெள்ளிக்கிழமை. நான் அந்தப் படியிலேயே கணக்குப் போட்டேன். ஒன்பது வயதில் அந்தக் கணக்கு வரும். ஆஸ்பத்திரியில் புருஷனை விட்டுவிட்டு, சொல்லத்தான் அந்த ஞாயிறு வந்திருக்கிறார். அவருக்கு வாரம் திங்கட்கிழமையில்தான் ஆரம்பிக்கும். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அன்று மத்தியானமே மூன்று பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். இரண்டு தெரு தள்ளி, அவ்வளவுதான். வாசலில் வண்டி இல்லை. உள்ளே பாத்திரங்கள் சாக்கில். அவர் வீட்டுக்காரர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார், பீடி வாசனை இல்லாத அந்த வீடு வேறு யார் வீடோ போல இருந்தது. குடியாத்தம் பக்கம் அக்காவின் அம்மா வீட்டுக்குப் போகிறார்களாம். மகளுக்கு டி.சி. வாங்கியாகிவிட்டது.

"சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் அம்மா. அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சொல்லத்தாம்மா வந்தேன்." டிபன் அக்காவுக்குக் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பொசுக்குனு அத மட்டும் சொல்ல வாய் வரல. முன்னாடி இருந்து சொல்லிக்கினே போனா அதுவா வந்துடும்னு பாத்தேன். நேரமாயிடுச்சு."

அப்பா சுவரோரமாக நின்றிருந்தார். "வீட்டுக்காவது வந்திருக்கலாமே," என்றார்.

"நீங்க வருவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன் பாஸ்டரய்யா."

அப்புறம் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். "நீ கரெக்டாத்தான் அடிச்ச கண்ணு. நான்தான் தெரியாம திங்கக்கெழமயில ஆரம்பிச்சுட்டேன்."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

மறுநாள் அப்பா மணியை எடுத்துவிட்டார். என்ன செய்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. சாட்சிக்கு நேரக்கட்டு இல்லை என்று ஞாயிறு அறிவித்தார். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. அறை நிறைய ஆட்கள், யாருக்கும் யாரையும் தெரியாது. டைலர் மாமா மட்டும் மெதுவாக எழுந்து, அது ஸ்கூட்டர்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டிபன் அக்காவின் சந்து ஆட்கள் வருவது நின்றது. திருச்சி அண்ணன், "பிரதர், முன்ன மாதிரி டைம் ஃபிக்ஸ் பண்ணினா நல்லாயிருக்கும்," என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு பணிவாகவே வேறு சபைக்குப் போனார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸ் அன்று ஒன்பது பேர் இருந்தோம். ஜனவரியில் அட்டைகளைப் பிய்த்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. அப்பா முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பியபோது அலமாரிக் கடிதத்தை அம்மா இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். அப்பா பார்த்துக்கொண்டே ஷூ போட்டார்.

ஏன் நிற்கவில்லை? "என் பிரசங்கத்துல சத்து இல்ல," என்பது அப்பாவின் முடிவு. அதன்பின் அவர் எங்கேயும் பேசவில்லை. ஒரு பெரிய சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அம்மா ஒருமுறைதான் சொன்னாள்: "ரெண்டு பேரும் வாசல்ல நின்னிருக்கக் கூடாது. ஒருத்தர் உள்ள இருந்திருக்கணும்." நான் பல வருடம் என் கையைச் சொன்னேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு புதிய சபைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தலைவர்களை வளர்க்க வேண்டும், சின்னக் குழுக்கள் வேண்டும், பொறுப்பைப் பகிர வேண்டும், அக்கம்பக்கத்தாரோடு நல்ல உறவு வேண்டும். எல்லாம் சரி. நாங்களும் அதையெல்லாம் ஷீட்டில் போட்டிருக்கிறோம். ஆனால் கீழே இருந்த பாய்க்குத் தெரிந்தது மேலே இருந்த எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு எந்த ஷீட்டிலும் வரி இல்லை. பாய் ஒன்றும் பயிற்சிக்குப் போகவில்லை. வழக்கமாக முட்டை வாங்குகிறவர் வரவில்லை என்றால் எங்கே என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்தது.

அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. மணி இல்லாமலே இருந்திருந்தால் அந்தப் பத்தொன்பது பேரோடு டிசம்பரைத் தாண்டியிருப்போமா? தெரியாது. வருகிறவரையும் உட்கார வைக்க வேண்டும், இருக்கிறவரையும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரம் போதுமா?

இதையெல்லாம் நேற்றே டீமிடம் சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில். யாரும் கிண்டல் செய்யவில்லை. எட்டு ஞாயிறு சோதித்துப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள். பாட்டுக்கு முன்னாலேயே பேச்சு, நாற்காலிகள் வட்டமாக, வாட்ச் இல்லாமல். பிரசங்கம் கடைசியில், மிச்சமிருக்கும் நேரத்தில். வாசலில் ஒருவர்தான், இன்னொருவர் உள்ளே. டீம் லீடர் அண்ணன் அதையெல்லாம் ஷீட்டில் மாற்றிக்கொண்டிருந்தார். தப்பு தப்பாக டைப் அடித்தார். அவர் தப்பாக அடித்து நான் பார்த்ததில்லை.

கீழே பார்க்கிங் வரை என்னோடு வந்தார். நான் ஸ்கூட்டியை எடுக்கும்போது ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேலை போய் அஞ்சு வாரமாச்சும்மா."

"அண்ணா?"

"வீட்ல சொல்லல. தினமும் கார்டு மாட்டிக்கிட்டுக் கிளம்பி மால்ல ஃபுட் கோர்ட்ல உக்காந்துக்கறேன். அங்கதான் இந்த ஷீட் எல்லாம் போட்டேன்."

ஐந்து வாரம். ஐந்து வியாழக்கிழமை நாங்கள் ஆறு பேர் அவர் வீட்டில் கூடியிருக்கிறோம். ஆரம்பத்தில் ஜெபம், முடிவில் ஜெபம், நடுவில் வரிசை எண் போட்ட அஜெண்டா. சபை ஆரம்பிக்கவேயில்லை இன்னும்; அதற்குள் அதே தப்பு.

ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்தோம். அவர் பேசினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

இதை எழுதலாம் என்று அவரே சொன்னார். அண்ணியிடம் சொன்ன பிறகுதான் உங்களுக்கு அனுப்புவேன்.

நாளை சனிக்கிழமை. அண்ணிக்கு நர்ஸ் வேலை, டியூட்டி மூன்று மணிக்கு முடியும். அண்ணன் நேற்று இரவே இன்னும் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு, அண்ணியிடம் சொல்லும்போது நாங்கள் கூட இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாலு மணிக்கு மூன்று பேர் போகிறோம். என்ன பேசுவது, யார் முதலில் பேசுவது என்று காலையிலிருந்து வாட்ஸப்பில் அடித்துக்கொள்கிறோம். ஒருத்தர் ரெஸ்யூமேயைத் திருத்திக்கொண்டு வரலாமா என்கிறார். நான் மூன்று பாராவுக்கு ஒரு ஆறுதல் எழுதி அழித்துவிட்டேன். கீபோர்டு தோழி மட்டும் ஒரே வரி போட்டாள்: "யாரும் எதுவும் பேச வேணாம்டி. குழந்தைய நான் கீழ பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிடறேன், நீங்க ரெண்டு பேரும் கிச்சன்ல டீ போடுங்க, கேட்டா வெளிய வாங்க."

இதுவரை வந்ததில் உருப்படியான திட்டம் இதுதான். பால் நான் வாங்கிக்கொண்டு போகிறேன்.